கல்குவாரியால் பக்கத்துச் சாலை, மின்கம்பி, குடிநீர்க் குழாய்க்கு வரும் பாதிப்பைக் கணக்கிடுவது எப்படி? முழுமையான வழிகாட்டி

குவாரி எல்லைக் கல்லிலிருந்து சாலை வரை டேப் பிடிப்பார்கள். 52 மீட்டர் வரும். ‘50 மீட்டர் விதி நிறைவாகிறது, பாதிப்பு இல்லை’ என்று ஒரு வரி எழுதிவிட்டு டீக்கடைக்குக் கிளம்பிவிடுவார்கள். என்னோடு புதிதாகக் களத்துக்கு வந்தவர்களில் பாதிப் பேர் இப்படித்தான் செய்தார்கள். முதல் வருடம் நானும் இப்படித்தான் எழுதினேன்.

அந்த 52 மீட்டரில் தப்பில்லை. ஆனால் சாலை உடைவது மூன்று கிலோமீட்டர் தள்ளி, டிப்பர் திரும்புகிற முக்கில். குழாய் நொறுங்குவது எதிரே வந்த பஸ்ஸுக்கு ஒதுங்கிய லோடு வண்டியின் சக்கரத்தில். மின்கம்பிக்கு ஆபத்து வருவது நாலு வருடம் கழித்து, அதன் அடியில் யாரோ ஜல்லியைக் கொட்டிக் குவிக்கும்போது. டேப் இதில் எதையும் காட்டாது.

இங்கே சொல்லப்போவது தமிழ்நாட்டின் சாதாரண கல் குவாரிகளுக்கானது: திறந்த குழி, வெடி வைத்து உடைப்பு, டிப்பரில் ஜல்லி உடைக்கும் கிரஷருக்கு. நிலக்கரி, சுண்ணாம்புக்கல் சுரங்கங்களில் விதிகளும் எண்களும் மாறும். வேலையின் வரிசை பெரும்பாலும் இதேதான்.

1. கிளம்பும் முன் கையில் இருக்க வேண்டியவை

குத்தகை ஆணை, அங்கீகரிக்கப்பட்ட சுரங்கத் திட்டம், புல வரைபடம், அ-பதிவேடு (புல எண்வாரியாக நில விவரம் இருக்கும் வருவாய்ப் பதிவேடு), கிராம வரைபடம். இந்த ஐந்தும் இல்லாமல் களத்துக்குப் போனால் இரண்டாம் முறை போக வேண்டிவரும்.

சுரங்கத் திட்டத்தை முழுக்கப் படிக்க நேரமில்லை என்றால் நாலு எண்களையாவது குறித்துக்கொள்ளுங்கள். ஒரு வருடத்துக்கு எவ்வளவு கல் எடுக்க அனுமதி, கடைசியில் குழி எவ்வளவு ஆழம் போகும், குழிச் சுவரில் வெட்டும் படிகளின் உயரமும் அகலமும் எவ்வளவு, ஒரு தாமதத்தில் (துளைகளைச் சிறு இடைவெளி விட்டு வெடிக்கும்போது, ஒரே கணத்தில் சேர்ந்து) எத்தனை கிலோ வெடிமருந்து வெடிக்கும். பின்னால் வரும் எல்லாக் கணக்கும் இந்த நாலில்தான் நிற்கிறது.

அடுத்தது கடிதங்கள். மின்வாரியம், உயரழுத்தக் கோபுரங்கள் இருந்தால் மின் தொடரமைப்புக் கழகம், குடிநீர் வடிகால் வாரியம், ஊராட்சி, தொலைபேசி நிறுவனங்கள், எரிவாயு அல்லது எண்ணெய்க் குழாய் போகும் பகுதி என்றால் அந்த நிறுவனம். ‘இந்தப் புல எண்களிலும் சுற்றி 500 மீட்டரிலும் உங்களுடையது ஏதாவது போகிறதா?’ என்று கேட்டு மூன்று வாரம் முன்னதாகவே அனுப்பிவிடுங்கள். மண்ணுக்குள் இருப்பதைக் கண்ணால் பார்க்க முடியாது. அதைப் போட்டவர்களிடம்தான் கேட்டாக வேண்டும்.

பதில் வராமல் போவது சகஜம். அப்போது அறிக்கையில் கடிதத் தேதியைப் போட்டு ‘பதில் வரவில்லை’ என்று எழுதுங்கள். ‘குழாய் இல்லை’ என்று எழுதிவிடாதீர்கள். நாளைக்குக் குழாய் உடைந்தால் முதலில் தேடுவது உங்கள் கையெழுத்தைத்தான்.

2. எல்லாவற்றையும் ஒரே வரைபடத்தில் போடுவது

குத்தகை நிலத்தின் மூலைகளின் ஜிபிஎஸ் புள்ளிகளை எடுத்து வரைபடத்தில் வையுங்கள். எல்லைக் கோட்டிலிருந்து வெளிப்பக்கமாக 50, 300, 500 மீட்டரில் மூன்று கோடுகள் வரையுங்கள். குழியின் நடுப்புள்ளியிலிருந்து வட்டம் போடுவது புதியவர்களின் வழக்கமான தப்பு. நிலம் நீளமாக இருந்தால் நடுவிலிருந்து போட்ட வட்டம் ஓரத்துப் பாறைக்குப் பக்கத்தில் நிற்கிற கம்பத்தைத் தவறவிட்டுவிடும்.

ஒவ்வொரு கோட்டுக்கும் ஒரு காரணம் இருக்கிறது. தமிழ்நாடு சிறு கனிமச் சலுகை விதிகள் 1959 பொதுச் சாலை, ரயில் பாதை, கால்வாய் போன்ற பொதுப்பணிகளுக்கு 50 மீட்டர் இடைவெளி கேட்கிறது; குடியிருப்புக்கு 300 மீட்டர். 500 மீட்டரை வெடியின் அபாய எல்லையாக எடுத்துக்கொள்வது நடைமுறை. அதே 500 மீட்டருக்குள் வேறு குவாரிகள் இருந்தால் சுற்றுச்சூழல் அனுமதியில் அவற்றையும் சேர்த்து ஒரே தொகுப்பாகத்தான் பார்ப்பார்கள். மத்திய அரசின் 1961-ஆம் ஆண்டுச் சுரங்க ஒழுங்குமுறைகளில் சாலை, கட்டடத்துக்கு 45 மீட்டர் என்று தனியாக ஒன்று இருக்கிறது. அதற்குள் போக வேண்டுமானால் சுரங்கப் பாதுகாப்புத் தலைமை இயக்குநரகத்தின் எழுத்துமூல அனுமதி வேண்டும். மாநில விதி நிறைவேறினால் மத்திய விதியும் நிறைவேறிவிட்டதாக நினைத்துக்கொள்ளாதீர்கள். இரண்டையும் தனித்தனியாகச் சரிபார்த்து எழுதுங்கள்.

சாலைக்கான தூரத்தை எங்கிருந்து அளப்பது? தார் விளிம்பிலிருந்து அளக்காதீர்கள். சாலைப் புறம்போக்கின் எல்லையிலிருந்து அளங்கள். தார் மூன்றே முக்கால் மீட்டர் அகலம்தான் இருக்கும், புறம்போக்கு பத்து மீட்டர் இருக்கும். நாளைக்குச் சாலையை அகலப்படுத்தினால் உங்கள் 52 மீட்டர் 49 ஆகிவிடும்.

புல வரைபடத்தில் வண்டிப்பாதை என்று இருப்பது களத்தில் தார்ச் சாலையாக இருக்கும். களத்தில் இருக்கிற சாலை வரைபடத்தில் பட்டா நிலமாக இருக்கும். எது சரி என்று தீர்ப்பது உங்கள் வேலை இல்லை. இரண்டையும் குறித்து, முரண்பாடு இருப்பதைச் சொல்லிவிடுங்கள்.

அப்புறம், ஊர்க்காரர் ஒருவரோடு கோடு கோடாக நடந்து பாருங்கள். ஒரு முறை எந்த அலுவலகப் பதிலிலும் வராத ஒரு கூட்டுக்குடிநீர்க் குழாயை எனக்குக் காட்டிக் கொடுத்தவர் ஆடு மேய்க்கிற பெரியவர். சீமைக்கருவேலப் புதருக்குள் முக்கால்வாசி கல்தூளில் புதைந்து, ஒரு ஏர் வால்வின் தலை மட்டும் துருப்பிடித்துத் தெரிந்தது. ‘கோடையில இதுல கசியுற தண்ணியைத்தான் ஆடு குடிக்கும்’ என்றார். அந்த வால்வு எல்லைக் கல்லிலிருந்து 18 மீட்டர்.

கடைசியாக, லோடு வண்டி போகிற வழியை வரையுங்கள். குவாரி வாசலிலிருந்து கிரஷர், அங்கிருந்து மாநில நெடுஞ்சாலையில் ஏறும் இடம் வரை முழுவதும். வரைபடத்தில் இந்த வால் 500 மீட்டர் கோட்டைத் தாண்டி எங்கோ போகும். போகட்டும். பாதிப்பில் பெரும்பங்கு அந்த வாலில்தான் இருக்கிறது.

3. யாருடையது என்று பிரிப்பது

இது சின்ன வேலை, ஆனால் தள்ளிப்போடக் கூடாது. வழியில் வரும் ஒவ்வொரு துண்டும் ஊராட்சிச் சாலையா, ஊராட்சி ஒன்றியச் சாலையா, நெடுஞ்சாலைத் துறையின் மாவட்டச் சாலையா என்று பிரித்து, எந்த கிலோமீட்டரில் மாறுகிறது என்று எழுதுங்கள். சாலையின் கனம், போட்ட வருடம், எவ்வளவு பாரத்துக்குப் போட்டார்கள் என்ற தகவல்கள் அந்தந்த அலுவலகத்தில்தான் கிடைக்கும். பிரிக்காமல் போனால் ஒருவர் இன்னொருவரைக் கைகாட்டியே ஒரு மாதம் ஓடிவிடும்.

4. முதல் வெடிக்கு முன்பே இன்றைய நிலையைப் பதிவது

வேலை தொடங்கிய பிறகு எடுத்த படம் எதையும் நிரூபிக்காது. விரிசல் முன்பே இருந்தது என்று ஒரு பக்கம் சொல்லும், வெடிக்குப் பிறகுதான் வந்தது என்று இன்னொரு பக்கம் சொல்லும். ஆகவே இந்தக் கட்டத்தை முடிக்காமல் வேறெதற்கும் போகாதீர்கள்.

சாலையை 100 மீட்டர் துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு தாள் வைத்துக்கொள்ளுங்கள். குழிகள், சக்கரத் தடத்தின் பள்ளம், ஓரம் உடைந்த நீளம், மண் தோளின் (தாருக்குப் பக்கத்து மண் ஓரம்) நிலை, பாலம், குழாய்ப் பாலம் (சாலைக்கு அடியில் தண்ணீர் போகச் சிமெண்ட் குழாய் பதித்தது) எல்லாம் அதில் வர வேண்டும். தடப் பள்ளத்தை அளக்க இரண்டு மீட்டர் நேர் சட்டமும் ஒரு ஸ்கேலும் போதும். விரிசலைப் படமெடுக்கும்போது பக்கத்தில் ஸ்கேலும், கிலோமீட்டரும் தேதியும் எழுதிய சிலேட்டும் வையுங்கள். வெறும் விரிசல் படம் எந்த ஊர் விரிசலாகவும் இருக்கலாம்.

ஒப்பிட்டுப் பார்க்க ஒரு துண்டு கட்டாயம் வேண்டும். அதே சாலையில், அதே வருடம் போட்டதில், குவாரி வண்டி திரும்பாத பக்கம் ஒரு கிலோமீட்டரை எடுத்து அதையும் இதே மாதிரி பதியுங்கள். இரண்டு வருடம் கழித்து ‘மழையால் கெட்டது’ என்ற வாதம் வரும். இரண்டு துண்டும் ஒரே மழையில்தான் நனைந்தன என்று அப்போது காட்டலாம். இருவழிச் சாலை என்றால் இன்னும் வசதி. லோடு போகிற பக்கம் பள்ளமாகி, காலி வண்டி திரும்புகிற பக்கம் நன்றாக இருந்தால் அதைவிடப் பெரிய சாட்சி தேவையில்லை.

மின்கம்பங்களின் சாய்வு, கம்பத்தை இழுத்துப் பிடிக்கும் ஸ்டே கம்பியின் இழுவை, கோபுரத்தின் நான்கு கால் அடித்தளங்கள், குழாயின் வால்வுத் தொட்டிச் சுவர்கள் இவற்றையும் இதே கையோடு படமெடுத்துவிடுங்கள்.

5. வண்டிக் கணக்கு

முதலில் இன்றைய போக்குவரத்து. தொடர்ந்து மூன்று நாள், இருபத்து நாலு மணி நேரமும் எண்ண வேண்டும். அதில் ஒரு நாள் சந்தை நாளாக இருக்கட்டும். காலை எட்டு முதல் இரவு எட்டு வரை எண்ணிவிட்டுப் பெருக்கிக்கொள்வது புதியவர்களின் குறுக்குவழி. டிப்பர்கள் விடிகாலை நாலு மணிக்கே ஓடத் தொடங்கிவிடும், அந்தக் கணக்கில் சிக்காது. லோடு வண்டியையும் காலி வண்டியையும் தனித்தனியாக எண்ணுங்கள்.

அடுத்து, குவாரி கூட்டப்போகும் வண்டிகள். ஒரு மாதிரிக் கணக்கு போட்டுப் பார்ப்போம். வருடத்துக்கு 60,000 கன மீட்டர் அனுமதி. கன மீட்டருக்கு 2.6 டன் என்றால் 1,56,000 டன். 300 வேலை நாள் என்றால் தினம் 520 டன். பத்துச் சக்கர டிப்பரின் சட்டப்படியான மொத்த எடை 28.5 டன். காலி வண்டி 10.5 டன் போக, லோடு 18 டன். ஆகத் தினம் 29 லோடு, போக வர 58 நடை.

இங்கே பலர் நிறுத்திக்கொள்வார்கள். இந்தியச் சாலைக் காங்கிரஸின் (ஐஆர்சி) கணக்கில் ஒரு லாரி மூன்று கார்களுக்குச் சமம். 58 நடை என்றால் 174 கார் அலகு. ஒற்றைத் தட ஊர்ச் சாலை தினம் 2,000 அலகு தாங்கும். ஒன்பது சதவீதம்கூட வரவில்லை, பாதிப்பு இல்லை என்று முடித்துவிடுவார்கள். இது நெரிசலுக்கான கணக்கு. சாலை உடையுமா என்ற கேள்விக்கு இதில் பதில் கிடைக்காது.

உடைவதைக் கணக்கிட அச்சுப் பாரம் வேண்டும். சாலைக்கு ஏற்படும் சேதம், பாரத்தின் நாலாம் அடுக்கில் ஏறுகிறது. ஐஆர்சி 37 வழிகாட்டியில் முன் அச்சுக்கு 65 கிலோ நியூட்டன், இரட்டைச் சக்கரப் பின் அச்சுக்கு 80, ஜோடிப் பின் அச்சுக்கு 148 என்று அடிப்படை பாரம் இருக்கிறது (ஒரு டன் என்பது சுமார் 9.8 கிலோ நியூட்டன்). வண்டியின் அச்சுப் பாரத்தை இதனால் வகுத்து, வரும் எண்ணை நாலு முறை எழுதிப் பெருக்க வேண்டும். நம்முடைய 28.5 டன் டிப்பரில் முன்னால் 7.5 டன், பின்னால் 21 டன். முன் அச்சு 1.6, பின் அச்சு 3.8, மொத்தம் 5.4. அதாவது ஒரு லோடு வண்டி ஒரு முறை போனால் சாலைக்கு 5.4 நிலையான அச்சுகள் (அடிப்படை பாரம் ஏற்றிய அச்சுகள்) போனதற்குச் சமம்.

தினம் 29 லோடு, 300 நாள், 5.4 என்று பெருக்கினால் வருடத்துக்குச் சுமார் 47,000. இப்போது ஊராட்சி ஒன்றிய அலுவலகத்தில் வாங்கிய தகவலைப் பாருங்கள். ஊர்ச் சாலைகளுக்கான ஐஆர்சி எஸ்பி 72-இல் டி3 வகைச் சாலை, அதன் பத்து வருட ஆயுளுக்கும் சேர்த்தே 60,000 முதல் 1,00,000 நிலையான அச்சு வரைதான் தாங்கும்படி போடப்படுகிறது. ஒரே ஒரு குவாரி, சட்டப்படியான எடையில் ஓடியே, அந்தச் சாலையின் பத்து வருட ஆயுளை, அதிகபட்சம் இரண்டு வருடத்துக்குச் சற்று மேலான காலத்தில் தீர்த்துவிடும்.

இனி அதிக பாரம். அதே டிப்பரில் மொத்த எடை 35 டன் ஏற்றினால் முன்னால் 8, பின்னால் 27 என்று வைத்துக்கொள்வோம். முன் அச்சு 2.1, பின் அச்சு 10.3, மொத்தம் 12.4. எடை கூடியது 23 சதவீதம், சேதம் இரண்டே கால் மடங்கு. ‘சார், லோடு அதிகம் ஏத்துனா நடை குறையுதில்ல, ரோட்டுக்கு நல்லதுதானே?’ என்று குவாரி மேலாளர்கள் கேட்பார்கள். கணக்கு போட்டே காட்டிவிடுங்கள். நடை 29-இலிருந்து 22 ஆகக் குறைகிறது. ஆனால் வருடச் சேதம் 47,000-இலிருந்து சுமார் 82,000 ஆக ஏறுகிறது.

எந்த எடையில் உண்மையாகவே ஓடுகிறது என்பதற்கு எடைமேடை ரசீதுகளைக் கேளுங்கள். நடைச்சீட்டில் (கல் கொண்டுபோக ஒவ்வொரு நடைக்கும் தரும் அனுமதிச் சீட்டு) இருக்கும் எடையும் எடைமேடை எடையும் பொருந்துகிறதா என்று ஒரு வாரத்துக்காவது ஒப்பிட்டுப் பாருங்கள். பொருந்தாவிட்டால் இரண்டு எண்களுக்கும் கணக்கு போட்டு இரண்டையும் அறிக்கையில் வையுங்கள்.

இன்னும் மூன்று இடத்தில் நடை விட்டுப்போகும். கிரஷர் வேறு இடத்தில் இருந்தால் அதே கல் இரண்டு முறை சாலையில் ஏறுகிறது: குவாரியிலிருந்து கிரஷருக்கு, கிரஷரிலிருந்து சந்தைக்கு. தண்ணீர் லாரி, டீசல் வண்டி, வெடிமருந்து வேன் மறந்துபோகும். பக்கத்துக் குவாரிகளின் லோடும் இதே சாலையில்தான் போகும். ஐந்து குவாரி என்றால் ஐந்தையும் கூட்டித்தான் சாலையின் தாங்குதிறனோடு ஒப்பிட வேண்டும். தனித்தனியாக ஐந்து அறிக்கை, ஐந்திலும் ‘பாதிப்பு குறைவு’ என்று எழுதியிருப்பதை நான் ஒரே கோப்பில் பார்த்திருக்கிறேன்.

6. சிறு பாலங்கள், திருப்பங்கள்

சாலையைவிட முதலில் போவது குழாய்ப் பாலம். சிமெண்ட் குழாயின் வகையைக் கேளுங்கள். என்பி2 வகை லேசான போக்குவரத்துக்கானது; கனரக வண்டிக்கு என்பி4 வேண்டும். குழாய்க்கு மேல் குறைந்தது 600 மில்லிமீட்டர் மண் மெத்தை இருக்கிறதா என்று பாருங்கள். மெத்தை தேய்ந்த இடத்தில் சக்கரத்தின் பாரம் நேராகக் குழாயில் இறங்கும். உள்ளே டார்ச் அடித்துப் பார்த்தால் மேல்புறத்தில் நீளவாட்டில் ஒரு மயிரிழை விரிசல் தெரியும். அதுதான் முதல் அறிகுறி.

திருப்பத்தில் பின்சக்கரம் தாரை விட்டு எவ்வளவு உள்ளே இறங்குகிறது என்று மண்ணில் பதிந்த தடத்தைப் பார்த்து அளங்கள். பள்ளி, பஸ் நிறுத்தம், அங்கன்வாடி எந்த மீட்டரில் வருகிறது என்பதையும் குறியுங்கள். அந்த நேரங்களில் டிப்பரை நிறுத்தச் சொல்வது அறிக்கையின் மிக மலிவான பரிந்துரை. பலன் அதிகம்.

7. வெடி: அதிர்வும் தெறிக்கும் கல்லும்

அதிர்வுக்குக் கணக்கில் வருவது மொத்த வெடிமருந்து இல்லை. ஒரே தாமதத்தில் ஒன்றாக வெடிக்கும் எடைதான் முக்கியம். தூரத்தை அந்த எடையின் வர்க்கமூலத்தால் வகுத்தால் வருவது ஒப்பீட்டுத் தூரம். 60 மீட்டரில் 9 கிலோ என்றால் 20. அதையே 36 கிலோ ஆக்கினால் 10. எண் சிறுத்தால் அதிர்வு ஏறும். 20-லேயே வைத்துக்கொண்டு 36 கிலோ வெடிக்க வேண்டுமானால் 120 மீட்டர் தள்ளிப் போக வேண்டும். பாறைக்குப் பாறை அதிர்வு கடத்துவது மாறும் என்பதால், வேறு குவாரியின் எண்ணை வைத்து உங்கள் அதிர்வைக் கணிக்காதீர்கள். சில வெடிகளை அளந்து, உங்கள் பாறைக்கான எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள்.

வரம்புக்கு சுரங்கப் பாதுகாப்புத் தலைமை இயக்குநரகத்தின் 1997-ஆம் ஆண்டுச் சுற்றறிக்கை இருக்கிறது. வெளியாருடைய வீடுகளுக்கு, அதிர்வெண் 8 ஹெர்ட்ஸுக்குக் கீழ் இருந்தால் நொடிக்கு 5 மில்லிமீட்டர், 8 முதல் 25 வரை 10, அதற்கு மேல் 15. தொழிற்கட்டடங்களுக்கு முறையே 10, 20, 25. பழமையான நினைவிடங்களுக்கு 2, 5, 10. கவனித்தீர்களா? அதிர்வெண் தெரியாமல் வரம்பே இல்லை. ‘7 மில்லிமீட்டர் வந்தது’ என்று மட்டும் எழுதிய அளவீடு வரம்புக்கு உள்ளேயா வெளியேயா என்று யாராலும் சொல்ல முடியாது.

இந்தப் பட்டியல் கட்டடங்களுக்கானது. குடிநீர்க் குழாய்க்கோ மின் கோபுரத்துக்கோ தனி வரி கிடையாது. வீட்டு வரம்பை அப்படியே குழாய்க்கு ஒட்டிவிடாமல், குழாயின் உரிமையாளரிடம் எழுத்தில் ஒரு வரம்பு வாங்குங்கள்.

அதிர்வு அளக்கும் கருவியை, பாதுகாக்க வேண்டிய பொருளுக்குப் பக்கத்தில், வெடி இருக்கும் பக்கமாக, மண்ணில் அழுத்தமாகப் பதித்து மேலே மணல் மூட்டை வையுங்கள். வீட்டுத் தரையில் தளர்வாக வைத்தால் கருவியே குதித்துப் பொய் எண் காட்டும். அன்றைக்கு மட்டும் குறைந்த மருந்தில் வெடித்துக் காட்டுவதும் நடக்கும். அன்றைய வெடிமருந்துப் பதிவேட்டின் படத்தை அளவீட்டோடு இணைத்துவிடுங்கள்.

கல் தெறிப்பது பெரும்பாலும் வெடித்துளையின் வாயில் மண் அடைப்பு போதாததால், முன்வரிசையில் பாறைக் கனம் குறைவதால், நடுவில் களிமண் பிளவு ஓடுவதால். பெரிய கல்லை மறுபடி உடைக்க வைக்கிற சின்ன வெடியைப் புதியவர்கள் கணக்கிலேயே எடுக்க மாட்டார்கள். கல் கண்டபடி தெறிப்பதற்கு அதுவும் ஒரு முக்கியக் காரணம். சாலையோ மின்கம்பியோ அபாய எல்லைக்குள் இருந்தால் அந்த வெடியே வேண்டாம், ராக் பிரேக்கரால் உடைக்கட்டும் என்று எழுதுங்கள்.

பொதுச் சாலை அபாய எல்லைக்குள் வந்தால், அது எல்லைக்குள் நுழையும் இடத்திலும் வெளியேறும் இடத்திலும் ஒவ்வொரு ஆள் நின்று, போக்குவரத்து நின்றதைச் சொன்ன பிறகுதான் வெடிக்க வேண்டும். ஏட்டில் இருக்கிறதா என்று பார்ப்பதோடு விடாமல் ஒரு வெடி நேரத்தில் நேரில் போய் நில்லுங்கள்.

8. மின்கம்பிகள்

கிடைத்தூரத்தை அளந்த பிறகு உயரத்தை அளங்கள். சாலையைக் குறுக்கே கடக்கும் கம்பி தாழ்வழுத்தம் என்றால் 5.8 மீட்டர், 11 அல்லது 33 கிலோவோல்ட் என்றால் 6.1 மீட்டர் இருக்க வேண்டும். அளக்க லேசர் தூரமானியைப் பயன்படுத்துங்கள். மூங்கில், இரும்புக் குழாய், ஸ்டீல் டேப் எதையும் கம்பியை நோக்கித் தூக்காதீர்கள்.

அளக்கும் நேரமும் முக்கியம். காலை ஏழு மணிக்குக் கம்பி விறைப்பாக நிற்கும். மே மாதப் பிற்பகலில், மோட்டார்கள் ஓடும் நேரத்தில் தொய்ந்து இறங்கும். குறைந்த உயரம் எப்போதோ அப்போது அளங்கள். முடியாவிட்டால் அளந்த மணியையும் வெயிலையும் எழுதுங்கள்.

பத்துச் சக்கர டிப்பர்களில் தொட்டியைத் தூக்கினால் ஆறு மீட்டரைத் தாண்டுபவை உண்டு. ஆகவே ‘கம்பிக்குக் கீழே கொட்டுவதில்லை’ என்பதை வரைபடத்திலேயே தடைப்பட்டையாகக் காட்டுங்கள். குவாரிப் பாதை கம்பிக்கு அடியில் போனால் இருபுறமும் உயரத் தடுப்பு வளைவு கேளுங்கள். பாதையில் ஒவ்வொரு வருடமும் கிராவல் கொட்டி உயர்த்துவார்கள். கம்பி அதே இடத்தில் இருக்க, தரை மேலே ஏறி உயரம் குறையும். திரும்பப் போகும்போதெல்லாம் இந்த ஓர் எண்ணை மறுபடி அளந்துவிடுங்கள்.

கோபுரம் இருந்தால் அதன் பக்கத்துக் காலிலிருந்து குழியின் கடைசி ஆழத்து விளிம்புக்கு அளங்கள். இன்றைய விளிம்புக்கு இல்லை. நேர்கோட்டில் நிற்கும் கோபுரத்தைவிட, கம்பி திரும்புகிற வளைவில் நிற்பது ஒருபக்க இழுவையைத் தாங்கிக்கொண்டிருக்கிறது; அதன் அடித்தளத்தில் சின்ன அசைவும் பெரிய விஷயம். உயரழுத்தக் கம்பிக்குப் பக்கத்தில் மின்சார டெட்டனேட்டர் (வெடிமருந்தைத் தூண்டிவிடும் சிறு குப்பி) வேண்டாம். தூண்டப்பட்ட மின்னோட்டத்தில் தானாக வெடிக்கும் ஆபத்து இருக்கிறது. மின்சாரம் இல்லாத வகையைப் பரிந்துரையுங்கள்.

கல்தூள் படிந்த பீங்கான் இன்சுலேட்டர் பகலில் ஒன்றும் செய்யாது. மார்கழிப் பனியில் நனைந்தால் சீறும். ‘விடிகாலையில் கரண்ட் போகிறதா?’ என்று லைன்மேனைக் கேளுங்கள். எந்தக் கம்பம் என்று கைகாட்டுவார்.

9. குழாய்கள்

குழாயின் பொருள் என்ன, எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது, சாலை ஓரத்தில் எந்தப் பக்கம் போகிறது என்ற மூன்றும் தெரிய வேண்டும். ஒற்றைத் தடச் சாலையில் இரண்டு வண்டி எதிரெதிரே வந்தால் ஒன்று மண் தோளில் இறங்கியே ஆக வேண்டும். பெரும்பாலான ஊர்க் குழாய்கள் அந்தத் தோளுக்கு அடியில்தான் போகின்றன. லோடு வண்டி இறங்கும் பக்கத்திலேயே குழாயும் இருந்தால், ஒதுங்கும் இடங்களைத் தனியாகக் கட்டச் சொல்லுங்கள்.

எரிவாயு, எண்ணெய்க் குழாய் என்றால் 1962-ஆம் ஆண்டுச் சட்டப்படி பயன்பாட்டு உரிமை எடுத்த பட்டை இருக்கும். மஞ்சள் குறிகற்களைப் பின்தொடர்ந்து நடந்து பாருங்கள். அதன் குறுக்கே டிப்பர் பாதை போகிறதென்றால் அந்த நிறுவனத்தின் எழுத்துமூல ஒப்புதல் இல்லாமல் அடுத்த பத்தியை எழுதாதீர்கள்.

10. அறிக்கையில் எழுதுவது

ஒரு சொத்துக்கு ஒரு வரி போதும்: என்ன, யாருடையது, இன்றைய தூரம், குழி முடியும்போது தூரம், எந்த வகைப் பாதிப்பு, வரம்பு என்ன, எந்த எண் வந்தால் வேலையை நிறுத்த வேண்டும், சரிசெய்ய யார் பணம் தருவார்கள். ‘தேவையான நடவடிக்கை எடுக்கப்படும்’ என்ற வாசகம் ஒரு இடத்திலும் வேண்டாம். யார் எடுப்பார்கள் என்று அதில் இல்லை.

பல குவாரிகள் ஒரே சாலையைப் பயன்படுத்தினால் செலவை டன் கணக்கில் பிரிப்பது நியாயம் போலத் தெரியும். ஆனால் அதிக பாரம் ஏற்றுபவருக்கு அது சலுகை. ஐந்தாம் கட்டத்தில் போட்ட நிலையான அச்சுக் கணக்கில் பிரியுங்கள். சுரங்கத்தால் பாதிக்கப்பட்ட ஊர்களுக்கான மாவட்டக் கனிம அறக்கட்டளை நிதியில் சாலை கேட்கப் போகிற ஊராட்சிக்கும் இந்தத் தாள் உதவும்.

11. திரும்பப் போவது

முதல் ஐந்து வெடிகளை அளக்க ஒரு முறை. அதன் பிறகு வருடத்துக்கு இரண்டு முறை: வடகிழக்குப் பருவமழைக்கு முன் செப்டம்பரில், முடிந்த பின் ஜனவரியில். அடிமண்ணில் தண்ணீர் இறங்கியிருக்கும்போது லோடு ஓடினால்தான் சாலை படுக்கும், அதனால் இந்த இரண்டு மாதங்கள். பழைய தாள்களைக் கையில் எடுத்துப் போய், அதே 100 மீட்டர் துண்டில், அதே கோணத்தில் நின்று படமெடுங்கள். ஒப்பீட்டுத் துண்டையும் சேர்த்து. மழையில் நடந்து, சகதி பிடித்து, ‘அந்தப் பக்கம்தான் குவாரி வண்டியே போறதில்லையே, அங்க எதுக்கு சார்?’ என்று கூட வருபவர் கேட்பார். அதையும் விடாமல் எடுத்துவிட்டு வாருங்கள்.